பரணில் கிடக்கும் மடிக்கணினி

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் குறைந்தது 4 ஜிபி ரேமும் டிபிஎம் 2.0 சிப்பும் தேவை. நம் தெருக்களில் பரண்மேல் கிடக்கும் பழைய அரசு மடிக்கணினிகளுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை அவை. நம்மில் பலர் வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினியும் அதுதான்.

பொத்தேரியில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்தில் அப்படி மூன்று இருந்தன. ஒவ்வொன்றிலும் 2 ஜிபி ரேம். ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு வேகம். "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்றார் ஒரு கடைக்காரர். வாங்கும் காசு இருந்தால் ஏன் அவரிடம் போகப்போகிறோம்?

லினக்ஸ் போட்டோம். தொடக்கத்தில் வந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதைத் தொட்டுப் பார்க்கத்தான் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நாங்கள் தேர்ந்தெடுத்தது ஆன்டிஎக்ஸ். டெபியனை அடிப்படையாகக் கொண்டது. பழைய கணினிகளுக்காகவே செய்தது. தன்னைப் பாசிச எதிர்ப்பு என்று வெளிப்படையாகவே அறிவித்துக்கொள்வது. முதலில் கோப்புகளை நகலெடுத்து வையுங்கள். பென்டிரைவில் எழுதி, நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கீபோர்டு எல்லாம் சரியென்றால் மட்டும் நிறுவுங்கள். ரேம் நிறையும்போது கைகொடுக்க ஸ்வாப் இடம் ஒதுக்குங்கள். தமிழ்99 தட்டச்சைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நினைவகத்தை அதிகம் தின்பது பிரவுசர்தான். மூன்று நான்கு டேப்களுக்கு மேல் திறக்காதீர்கள். வீடியோ எடிட்டிங் இதில் நடக்காது. லிப்ரே ஆஃபீஸில் மனு எழுதலாம், ஸ்கேன் செய்த ஆவணத்தைப் படிக்கலாம்.

நமக்கு வேண்டியது அதுதானே? செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் தந்த அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலம் பிறந்தது. இதே மாவட்டத்துக் காரணையில் அந்த நிலத்தை மீட்கப் போராடித்தான் 1994-இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். இன்றும் அந்தப் போராட்டத்தின் பாதி வேலை காகிதத்தில் இருக்கிறது. 'அ' பதிவேடு, தகவல் உரிமை மனு, மேல்முறையீடு. அதைத் தட்டச்சு செய்ய இன்னொருவர் கடை வாசலில் நிற்கும்வரை நம் வழக்கு நம் கையில் இல்லை.

பெங்களூரின் குடிசைப் பகுதி ஒன்றில், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அம்பேத்கர் பெயரிலேயே சமூகக் கணினி மையம் நடத்தினார்கள். அங்குள்ள பிள்ளைகள் ஜிம்ப் மென்பொருளில் படம் வரைந்தார்கள். உரிமக் கட்டணம் யாருக்கும் கட்டவில்லை.

1927-இல் மகாடில் பாபாசாகேப் இறங்கியது பொதுக்குளம். குளம் பொதுவாக இருந்தும் நமக்கு மறுக்கப்பட்டது. கட்டற்ற மென்பொருளும் பொதுச் சொத்துதான். இங்கே தடுக்க ஆளில்லை, உள்ளே இறங்கத்தான் ஆள் வேண்டும். பரண்மேல் ஏறி அந்த மடிக்கணினியை எடுங்கள், தோழர்களே. ஒன்றைச் சரிசெய்தால், அடுத்ததை எப்படிச் செய்வதென்று ஒரு தங்கைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஜெய் பீம்.