பெட்டி தீர்மானிக்கும் வண்டி

சென்னை விமான நிலையத்தில் இறங்குகிறவர் தேனாம்பேட்டைப் பக்கம் ஓட்டலில் அறை எடுத்திருந்தால் அவருக்குக் கவலை குறைவு. 2016இல் மெட்ரோ ரயில் விமான நிலையம் வரை வந்துவிட்டது. 2019 முதல் அண்ணா சாலை வழியாக சென்ட்ரல் வரை நேராகப் போகிறது. பெட்டியை உருட்டிக்கொண்டே லிஃப்டில் ஏறி நடைமேடைக்குப் போய்விடலாம். எங்கள் உத்திரமேரூர்க்காரர்கள் திரும்ப வேண்டியது எதிர்த்திசையில். ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தென்மேற்கே, ரயில் பாதையே இல்லாத ஓர் ஊருக்கு.

பகலில் இறங்கினால், கையில் ஒரே பை என்றால், நான் ரயிலைத்தான் சொல்வேன். ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் திரிசூலம் நிலையம். சுரங்கப்பாதையில் போய் ஏறினால் செங்கல்பட்டுக்கு ஒரு மணி நேரம், டிக்கெட்டுக்குச் சில்லறைக் காசு போதும். 2025 ஏப்ரலிலிருந்து இந்தப் பாதையில் ஏசி லோக்கலும் ஓடுகிறது. தாம்பரத்தில் கூட்டம் ஏறும், பொத்தேரியில் மாணவர்கள் இறங்குவார்கள். செங்கல்பட்டில் உத்திரமேரூர் பஸ் பிடித்து, ஊரில் இறங்கி, திருப்புலிவனமோ சாலவாக்கமோ அவரவர் கிராமத்துக்கு ஷேர் ஆட்டோவோ மச்சானுடைய பைக்கோ பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு பெட்டி ஆனதும் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. திரிசூலத்துப் படிகளில் ஒன்றைத் தூக்கிப்போய் வைத்துவிட்டு இன்னொன்றுக்குத் திரும்பி வர வேண்டும்; அதுவரை முதல் பெட்டியை யார் பார்த்துக்கொள்வது? பஸ்ஸில் கண்டக்டர் நல்லவராக இருந்தால் டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் ஓரமாக வைக்கச் சொல்வார். இல்லையென்றால் லக்கேஜ் டிக்கெட்டும் வாங்கி, நடக்கிற வழியை அடைத்ததற்குப் பேச்சும் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

வளைகுடாவிலிருந்து வருகிற எங்கள் பிள்ளைகள் ஒரே பையோடு வருவதில்லை. நைலான் கயிறு கட்டி, பெயரும் ஊரும் மார்க்கர் பேனாவில் எழுதிய அட்டைப்பெட்டி ஒன்று கட்டாயம் இருக்கும். அக்கா பிள்ளைக்குப் பால் பவுடர், அப்பாவுக்குத் தைலம், அம்மாவுக்குக் கம்பளி, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்ட டார்ச் லைட். விமானத்தில் விடுகிற எடைக்குள் வர, தன் சட்டைகளை அங்கேயே விட்டுவிட்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியைப் பார்த்து 'இதெல்லாம் இங்கேயே கிடைக்குமே' என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு வருஷம் வீட்டில் இல்லாதவன், வீட்டை நினைத்துக்கொண்டிருந்ததற்கு வேறு எதைக் கொண்டுவந்து காட்டுவான்?

வளைகுடா விமானங்களில் பலவும் நள்ளிரவுக்குப் பிறகுதான் இறங்குகின்றன. லோக்கல் ரயிலுக்கு விடியற்காலை வரை காத்திருக்க வேண்டும். விமான நிலையத்து டாக்ஸிக்காரர் செங்கல்பட்டு வரை சரி என்பார். அதைத் தாண்டினால் திரும்பி வரச் சவாரி கிடைக்காது என்று ரிட்டர்ன் வாடகையும் சேர்த்துக் கேட்பார். அவர் கேட்பதும் நியாயம்தான், காலி வண்டிக்கும் டீசல் வேண்டும். ஆகவே ஊரிலிருந்தே வண்டி வைத்துக்கொண்டு போவது எங்கள் பக்கத்து வழக்கம். போகும்போது காலி, வரும்போது பாரம், வாடகை இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

'கடன்பட்டு வெளிநாடு போனவனுக்குக் கார் எதற்கு' என்று பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் அந்த வண்டி கிளம்புவதைப் பார்த்ததில்லை. டிரைவர் தெருப் பையனாகத்தான் இருப்பான். "பெரிம்மா, நீங்களும் ஏறுங்க, வண்டி சும்மாதானே போவுது" என்பான். அம்மா, மாமா, தூங்கி வழிகிற குழந்தைகள் எல்லோரும் ஏறிக்கொள்வார்கள். காலியாகப் போக வேண்டிய 70 கிலோமீட்டரில் ஒரு குடும்பமே போகிறது. வீட்டு வாசலில் பார்க்க வேண்டிய மகனை அந்தத் தாய் இரண்டு மணி நேரம் முன்னதாகவே பார்த்துவிடுகிறாள். பெட்டியோடு வருகிறவருக்கு இதைவிடச் சரியான வண்டி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அழைத்துப்போக ஆளும், கொடுக்கப் பணமும் இருப்பவருக்குத்தான் இது. தனியாக வந்து இறங்குகிறவரும் இருக்கிறார். வேலை போய், சொல்லாமல் கொள்ளாமல் திரும்புகிறவரும் இருக்கிறார். அவருக்காக, விமானங்கள் இறங்கும் நேரத்துக்கு ஒரு பஸ் வேண்டும். அடிவயிற்றில் பெட்டி வைக்க இடமுள்ள பஸ்ஸாக, விமான நிலையத்து வாசலிலிருந்து செங்கல்பட்டு வழியாக உத்திரமேரூர், மானாம்பதி, வந்தவாசி என்று போகட்டும். எங்களுக்கு மட்டுமல்ல, அந்தத் தடத்தில் இருக்கிற எல்லா ஊருக்கும் அது உதவும்.

எங்கள் மாவட்டத்திலேயே, பரந்தூரில், இரண்டாவது விமான நிலையம் என்று 2022இல் அறிவித்திருக்கிறார்கள். அதற்கு நிலம் கேட்கப்படும் ஏகனாபுரத்து மக்கள் தங்கள் நிலத்துக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் மற்றதைப் பேச எனக்கு மனம் வரவில்லை. எங்கே கட்டினாலும், ஓடுபாதையை வரைகிற அதே தாளில் உத்திரமேரூர் பஸ் நிற்கிற இடத்தையும் குறித்துவிட வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால், அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் வந்திருக்கும்.