அம்மம்மாவையும் மலைக்கு ஏற்றுங்கோ

மொன்றியலில் இருந்து மோன்-திராம்ப்ளான் 130 கிலோமீற்றர்தான். 15ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போய், அது முடியும் இடத்தில் 117ஐப் பிடித்தால் ஒன்றரை மணித்தியால ஓட்டம். ஆனாலும் எங்கட பெற்றோரில் பலர் இரண்டு வேலை செய்த அந்தக் காலம் முழுக்க அந்தப் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை. லீவு நாளிலும் 'ஓவர்டைம்'தானே!

இந்த முறை போகும்போது அவையையும் காரில ஏற்றுங்கோ. "முழங்கால் ஏலாது பிள்ளை" எண்டுவினம். ஏறி நடக்கவே தேவையில்லை. கீழ்க் கிராமத்தில் இருந்து மேலே தூக்கிப்போகும் கப்ரியோலே இலவசம். பிறகு டிக்கெற் எடுத்து கொண்டோலாவில் இருந்தால் 875 மீற்றர் உயர உச்சி. கீரிமலை எண்ட பேரைத் தவிர யாழ்ப்பாணத்தில மலை ஏது?

பிள்ளையள் லூஜ் வண்டிக்குத்தான் அடம்பிடிப்பினம். மலைச்சரிவில் சறுக்கி ஓடும் சின்னச் சில்லு வண்டி, விடுங்கோ, ஓடட்டும். ஆனால் கொண்டோலாவில் அவையை அம்மம்மாவுக்குப் பக்கத்தில இருத்துங்கோ. திராம்ப்ளான் எண்டால் பிரெஞ்சில் 'நடுங்கும்'. மனிதர் காட்டுக்குத் தீங்கு செய்தால் மனித்து என்ற பெருஞ்சக்தி இந்த மலையை நடுங்க வைக்கும் என்பது அல்கொன்கின் பழங்குடியினரின் கதை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை அதைத் தமிழில் சொல்லட்டும். சொல்லுக்குத் தடுமாறினால் நீங்கள் குறுக்க விழாதேங்கோ, அம்மம்மா எடுத்துக் கொடுப்பா.

இலை நிறம் மாறுவது செப்டெம்பர் கடைசியில். உச்சியில் குளிரும், சுவெற்றர் வேணும். கிராமத்துக்க சாப்பாடு விலை. புட்டுப் பொதி கட்டுங்கோ.