ஆணையிட இயலாதவர்கள் எடுக்கும் முடிவுகள்

கட்டற்ற மென்பொருள் உலகின் பழமையான கூட்டு முயற்சிகளுள் ஒன்றான டெபியன் திட்டத்தை 1993 ஆகஸ்ட் 16 அன்று இயன் முர்டாக் அறிவித்தார். லினக்ஸ் கருவைச் சுற்றி ஆயிரக்கணக்கான மென்பொருள்களைப் பொருத்தி, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உகந்த இயங்குதளமாக அவற்றை வழங்குவதே இத்திட்டத்தின் பணி. இதில் வாக்குரிமை பெற்ற உருவாக்குநர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திட்டம் ஊதியம் தருவதில்லை. பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதுமில்லை. 1998 இல் அவர்கள் தமக்கென வகுத்துக்கொண்ட அமைப்பு விதிகளின் முற்பகுதியிலேயே, திட்டத்துக்காக வேலை செய்யும் கடமையை இவ்விதிகள் எவர்மீதும் சுமத்துவதில்லை என்றும், ஒப்படைக்கப்பட்ட பணியில் விருப்பமில்லாதவர் அதைச் செய்யாமல் விடலாம் என்றும், ஆயினும் முறைப்படி எடுக்கப்பட்ட முடிவுகளுக்கு எதிராக முனைந்து செயல்படக் கூடாது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. டெபியனின் ஆளுகையில் பின்னர் எழுந்த சிக்கல்களுக்கும் அவற்றுக்குக் கண்ட தீர்வுகளுக்கும் வேர் இந்த விதியிலேயே இருக்கிறது. பெரும்பான்மை ஒன்றைத் தீர்மானித்துவிட்டாலும் அதைச் செய்து முடிக்கும்படி யாரையும் பணிக்க முடியாது என்னும்போது, முடிவு என்பது செய்ய முன்வருவோரின் உழைப்பைப் பெற்ற பிறகே உயிர்பெறுகிறது. எனவே இங்கே முடிவெடுக்கும் கலையைக் கற்பவர், எத்தனை பேர் ஆதரிப்பார்கள் என்று கணக்கிடுவதற்கு முன்பே, இதை யார் செய்வார்கள் என்று கேட்கப் பழக வேண்டியிருக்கிறது.

அதிகாரம் பங்கிடப்பட்டிருக்கும் விதமும் இதற்கு இயைந்ததே. தனித்தனி மென்பொருள் பொதிகளைப் பேணும் பராமரிப்பாளர் தம் பொதியைப் பற்றித் தாமே முடிவெடுக்கிறார். ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் திட்டத் தலைவர் சில பொறுப்புகளைப் பிறருக்கு ஒப்படைக்கலாம், ஒப்படைத்தவரை மாற்றவும் செய்யலாம். ஆனால் பொறுப்பேற்றவர் எடுத்துவிட்ட முடிவைத் தலைவர் புறந்தள்ள முடியாது. பராமரிப்பாளர்களுக்கிடையே தீராத தொழில்நுட்பப் பிணக்குகளுக்காக, எட்டுப் பேருக்கு மேற்படாத தொழில்நுட்பக் குழு ஒன்று உண்டு. ஒரு பராமரிப்பாளரின் முடிவை அது புறந்தள்ள வேண்டுமானால் குழுவில் மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை தேவை. இவை அனைத்துக்கும் மேலே, உருவாக்குநர்கள் எல்லாரும் வாக்களிக்கும் பொதுத் தீர்மானம் என்னும் முறை இருக்கிறது.

பொதுத் தீர்மானத்தின் வாக்குச்சீட்டை ஆழ்ந்து நோக்குவது பயனுடையது; தொண்டர் அமைப்புகளின் ஆளுகை குறித்து எழுதப்பட்ட பல நூல்களைவிட அந்தச் சீட்டே கூடுதலாகக் கற்பிக்கிறது. வாக்காளர் அதில் ஏதேனும் ஒன்றுக்கு எதிரே குறியிடுவதில்லை. தெரிவுகளைத் தம் விருப்ப வரிசைப்படி எண்ணிடுகிறார். எண்ணும்போது ஒவ்வொரு தெரிவும் மற்ற ஒவ்வொன்றுடனும் தனித்தனி இணையாக வைத்து ஒப்பிடப்படுகிறது. எல்லா இணைகளிலும் முந்தி நிற்பதே வெல்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்சேயின் பெயரால் வழங்கும் முறை இது. முதலாவது இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும், மூன்றாவது மீண்டும் முதலாவதையும் வெல்லும் சுழல் ஏற்பட்டால் அதை அவிழ்ப்பதற்கான வழிமுறையும் 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் விதிகளில் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ ஒரே கருத்துடைய இரண்டு முன்மொழிவுகள் சீட்டில் நின்றாலும் அவற்றின் வாக்குகள் பிளவுபட்டு மூன்றாமவருக்கு வெற்றி போய்ச் சேர்வதில்லை என்பதால், எதிர்த்தரப்பின் தெரிவை எழுதவிடாமல் தடுப்பதில் யாருக்கும் ஆதாயம் இல்லை. பலரின் முதல் விருப்பமாக இல்லாமல், ஏறக்குறைய எல்லாருடைய இரண்டாவது விருப்பமாக இருக்கும் வாசகம் வெல்லும் வாய்ப்பு இங்கு உண்டு. ஆகையால் முன்மொழிவு எழுதுவோரின் திறமை தம் அணியினரை எழுச்சிகொள்ளச் செய்வதில் வெளிப்படுவதில்லை. தம்மோடு உடன்படாதவரும் இரண்டாம் இடத்தில் வைக்க ஒப்பும் வாசகத்தை அமைப்பதிலேயே வெளிப்படுகிறது.

இச்சீட்டில் எப்போதும் ஓர் இயல்புநிலைத் தெரிவும் இடம்பெறுகிறது. நெடுங்காலம் அதன் பெயர் மேலும் விவாதிப்போம் என்பதாக இருந்தது. 2022 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு மேற்கண்ட எதுவும் இல்லை என்றாகியது. ஒரு முன்மொழிவு ஏற்கப்பட வேண்டுமானால், அதை இத்தெரிவுக்கு மேலே வைத்தவர்கள் கீழே வைத்தவர்களைவிட மிகுதியாக இருக்க வேண்டும். அத்துடன் மேலே வைத்தவர்களின் எண்ணிக்கை குறைந்தபட்ச அளவு ஒன்றையும் எட்ட வேண்டும். உருவாக்குநர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதியை எடுத்து மூன்றால் பெருக்குவதே அந்த அளவு. ஆயிரம் பேர் கொண்ட அமைப்பில் அது 48 பேராகும். பாதிப் பேர் வாக்களித்தாக வேண்டும் என்று விதித்திருந்தால், விருப்பமுள்ளபோது மட்டும் பங்கேற்கும் ஓர் அமைப்பில் எதுவுமே நிறைவேறாமல் போயிருக்கும். கடினமான இடத்தைக் கணக்கால் கடந்த இந்த ஏற்பாடு உண்மையிலேயே போற்றத்தக்கது.

இம்முறைக்கு மிகக் கடும் சோதனை 2014 இல் வந்தது. கணினி தொடங்கும்போது முதலில் எழுந்து ஏனைய சேவைகளை எழுப்பும் நிரலாக எதை ஏற்பது என்ற கேள்வியில், சிஸ்டம்டி என்னும் புதிய நிரலை விரும்பியோரும், யூனிக்ஸ் மரபின் எளிமையை அது குலைப்பதாகக் கருதியோரும் எதிரெதிரே நின்றனர். தொழில்நுட்பக் குழு நான்குக்கு நான்கு எனப் பிரிந்து, பிப்ரவரியில் குழுத் தலைவரின் முடிவு வாக்கினால் சிஸ்டம்டி தேர்வானது. விதிப்படி அது முற்றிலும் செல்லுபடியாகும் முடிவு. ஆனால் பாதிக் குழுவின் மறுப்பைச் சுமந்து வந்த முடிவு அமைதியைக் கொண்டுவரவில்லை. பொதிகள் குறிப்பிட்ட ஒரு தொடக்க நிரலை மட்டுமே சார்ந்திருக்கலாமா என்ற கிளைக் கேள்வி நவம்பரில் பொதுத் தீர்மானமாக வந்தபோது, இருக்கும் நடைமுறைகளே போதும், இதற்குப் பொதுத் தீர்மானம் தேவையில்லை என்று சொல்லும் தெரிவே வென்றது. அதைப் பொறுப்பைத் தட்டிக்கழித்தல் என்று கருதியவர்கள் உண்டு. ஆனால் ஆயிரம் பேர் கூடி, இந்தக் கேள்வியை ஆயிரம் பேரின் வாக்கால் தீர்க்க வேண்டாம், பராமரிப்பாளர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று சொல்வதும் தெளிவான ஆளுகை முடிவே; அதைச் சொல்வதற்குச் சீட்டில் ஓர் இடம் இருந்தது இந்த அமைப்பின் பேறு.

அந்த மாதங்களில் அமைப்பு கொடுத்த விலையையும் மறைப்பதற்கில்லை. நெடுங்காலம் உழைத்த சிலர் தொழில்நுட்பக் குழுவிலிருந்தும், வேறு சிலர் திட்டத்திலிருந்தே கூடவும் விலகினர். உடன்படாத ஒரு பிரிவினர் டெபியனின் மூலநிரலை எடுத்துக்கொண்டு தேவுவன் என்னும் தனி இயங்குதளத்தைத் தொடங்கினர். கட்டற்ற உரிமத்தின்கீழ் அதற்கு எவருடைய இசைவும் வேண்டியதில்லை. தோற்ற சிறுபான்மை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியேற முடியும் என்ற இந்த உரிமையே பெரும்பான்மையை உள்ளிருந்து கட்டுப்படுத்துகிறது. அதை இழப்பாக மட்டும் எண்ணுவோர் இவ்வகைச் சமூகங்களின் நீதியில் சரிபாதியைக் காணத் தவறுகிறார்கள்.

2019 இல் அதே கேள்வி மீண்டும் வந்தபோது சீட்டில் ஏழு முன்மொழிவுகள் இருந்தன. சிஸ்டம்டியை முதன்மையாகக் கொண்டு, மாற்றுகளை ஆராய முனைவோரையும் ஆதரிக்கும் ஒரு வாசகம் வென்றது. ஏழு என்பது மிகுதியாகத் தோன்றலாம். எனினும் தம் நிலைப்பாடு தம் சொற்களிலேயே சீட்டில் நின்று தோற்றதைக் காண்பவர், பிறர் திரித்தெழுதிய வாசகம் தோற்றதைக் காண்பவரைவிட எளிதில் பணிக்குத் திரும்புகிறார். முன்மொழிபவருக்கு ஐந்து பேரின் வழிமொழிதல் போதும் என்ற எளிய தகுதி இதற்கு உதவுகிறது. ஆயிரம் பேரின் வாரக்கணக்கான கவனத்தைக் கோரும் கேள்வியையும் அதே ஐந்து பேர் எழுப்பிவிட முடியும் என்பது அதன் மறுபக்கம். முடிவில்லா விவாதத்தில் வெல்பவர் பெரும்பாலும் ஓய்வு நேரம் மிகுந்தவரே. குழந்தை வளர்ப்போரும், இரு வேலை பார்ப்போரும், ஆங்கிலத்தில் விரைந்து எழுத இயலாதோரும் தொடக்கத்திலேயே பின்தங்கிவிடுகின்றனர். விவாதக் காலத்துக்கு மூன்று வார உச்ச வரம்பை விதித்த 2022 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தை இவர்களின் பக்கம் நின்று மதிப்பிடுவதே முறை.

பொதுத் தீர்மானங்களில் யார் எப்படி வாக்களித்தார் என்பது நெடுங்காலம் முடிவில் வெளியிடப்பட்டு வந்தது. தலைவர் தேர்தல் மட்டுமே இரகசியமாக நடந்தது. தொழில்நுட்பக் கேள்விகளில் இவ்வெளிப்படைத்தன்மை நன்மையே செய்தது. ஆனால் 2021 இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இயக்குநர் குழுவுக்குத் திரும்பியது பற்றி டெபியன் கருத்துரைக்க வேண்டுமா என்ற கொந்தளிப்பான கேள்வி எழுந்தபோது, தம் வாக்கு தமக்கு எதிராகப் பயன்படுத்தப்படலாம் என்ற அச்சம் பலருக்கு உண்டானது. பொது அறிக்கை எதையும் வெளியிடுவதில்லை என்ற தெரிவு அப்போது வென்றது. அடுத்த ஆண்டு வாக்கின் இரகசியத்தை உறுதிசெய்யும் திருத்தமும் நிறைவேறியது. எண்ணிக்கையைச் சரிபார்க்க எவருக்கும் வழியிருக்கும்வரை வாக்காளர் பெயரை மறைப்பது வெளிப்படைத்தன்மைக்குக் கேடாகாது.

யார் வாக்காளர் என்ற கேள்வி இவற்றுக்கெல்லாம் அடியில் கிடப்பது. பொதி பராமரிப்போரே உருவாக்குநர் என்ற வழக்கம் ஓங்கியிருந்த நிலையில், மொழிபெயர்ப்போரும் ஆவணம் எழுதுவோரும் வடிவமைப்போரும் முழு உரிமையுடன் உருவாக்குநராகலாம் என்பதை 2010 இல் உறுப்பினர்கள் வாக்களித்து வரவேற்றனர். இவ்வாறு விரிந்த வாக்காளர்களிடம் 2022 இலையுதிர் காலத்தில், வன்பொருள் இயங்கத் தேவையான கட்டற்றதல்லாத சிறு நிரல்களை நிறுவல் ஊடகத்திலேயே சேர்க்கலாமா என்று கேட்கப்பட்டது. திட்டம் தன் பயனர்களுக்கு 1997 இல் அளித்த உறுதிமொழியான சமூக ஒப்பந்தத்தையே திருத்த வேண்டிய கேள்வி அது. அதற்கு மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை வேண்டும். நிரல்களைச் சேர்த்து ஒரே ஊடகமாக வெளியிடும் முன்மொழிவு அந்த அளவைக் கடந்து வென்றது. அதைச் செய்து முடிக்கவும் ஆட்கள் இருந்தனர். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 இன் நிறுவல் ஊடகத்தில் அந்நிரல்கள் சேர்ந்திருந்தன.