மாருதி 800-ம் ஆயிரம் ரூபாயும்

எங்க வீட்டு கார் 2005 மாடல் மாருதி 800. அப்பா அதை 2012ல செகண்ட் ஹாண்டா ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கொடுத்து வாங்கினார். காமர்ஸ் படிக்கிற பையன்கிறதால கார் செலவு நோட்டு என் பொறுப்பு. பெட்ரோல், காத்து, பஞ்சர் எல்லாம் தேதி போட்டு எழுதணும்.

வருமான வரிக் கணக்குல காருக்கு வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம். குறைந்து செல் மதிப்பு முறையில போட்டா, 13 வருஷத்துல எங்க காரோட மதிப்பு சுமார் 13,300 ரூபாய். போன மே மாசம் அதுக்கு ஒரே தடவையில ஆன ரிப்பேர் செலவு 9,450 ரூபாய்! அந்தக் கதையைத்தான் எழுதப் போறேன். கொஞ்சம் வெட்கமான கதை.

மதுரையில ஒரு கல்யாணம். அப்பா, அம்மா, அப்பத்தா, நான் எல்லாரும் திருச்சியிலிருந்து கிளம்பினோம். விராலிமலைகிட்ட போகும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறி நின்னுடுச்சு. ஓரம் கட்டறதுக்குள்ள பானெட்லேர்ந்து ஆவி. அப்பா பதட்டத்துல ரேடியேட்டர் மூடியில கை வைக்கப் போனார். எதிர் டீக்கடை அக்கா, "ஐயா, மூடியத் தொறக்காதீங்க!"ன்னு கத்தினாங்க. நல்லவேளை. உள்ள தண்ணி அழுத்தத்துல இருக்கும். மூடியைத் திறந்தா அப்படியே கொதிச்சு மூஞ்சியில அடிக்கும். குறைஞ்சது அரை மணி நேரம் எஞ்சின் ஆறணும்.

ஆறினதும் பார்த்தா ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சு, தண்ணி மொத்தமும் போயிருந்தது. ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா, உள்பக்கம் பால் காபி கலர்ல கொழகொழன்னு ஒட்டியிருக்கு. எங்க மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னேன். "ஆயில்ல தண்ணி கலந்திருச்சு தம்பி. ஹெட் கேஸ்கட் போயிருக்கும். ஸ்டார்ட் பண்ணாதீங்க, கட்டி இழுத்துட்டு வாங்க"ன்னார்.

இதுல நடக்கிறது என்னன்னா, எஞ்சினோட மேல் பாகம், அதாவது ஹெட், அலுமினியம். ரொம்ப சூடானா லேசா வளைஞ்சுடும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற கேஸ்கட் அப்புறம் அடைச்சு நிக்காது. தண்ணி ஆயிலுக்குப் போகும். ஹெட்டைக் கழட்டி லேத்துல கொடுத்து சமமா ஃபேஸ் பண்ணித்தான் திரும்ப மாட்டணும்.

பில் இதோ:

வண்டி கட்டி இழுத்தது - 1,500
கேஸ்கட் செட் - 950
லேத் வேலை - 1,000
எஞ்சின் ஆயில், ஃபில்டர் - 1,250
தெர்மோஸ்டாட் - 450
ஹோஸ் - 450
கூலன்ட் - 350
கூலி - 3,500

கடைசிக்கு முந்தின ரெண்டு வரியைப் பாருங்க. ஹோஸும் கூலன்டும். இதுக்கு முன்னாடி மார்ச் மாசமே அந்த அண்ணன் ஹோஸை அமுக்கிக் காட்டி, "வெடிப்பு விட்டிருக்கு, மாத்திடுங்க. கூலன்டும் ஊத்துங்க"ன்னு சொல்லியிருந்தார். கூலியோட ஆயிரம் ரூபாய். அப்பா என்கிட்ட காசு கொடுத்துட்டார். நான் மாத்தலை. பசங்களோட சினிமா, பரோட்டான்னு அந்த ஆயிரம் போயிடுச்சு. கிளாம்பை நானே ஸ்குரூடிரைவர் வெச்சு இறுக்கிட்டு, குழாய்த் தண்ணியை ஊத்தி, நோட்டுல "ஹோஸ், கூலன்ட் - 1,000"ன்னு எழுதிட்டேன்.

கூலன்ட் வெறும் கலர் தண்ணின்னுதான் நெனச்சிருந்தேன். அது தண்ணியோட கொதிநிலையை உயர்த்துது, உள்ளே துரு பிடிக்காமப் பார்த்துக்குது. குழாய்த் தண்ணி ரேடியேட்டர்ல உப்புப் படிய வெக்குது.

பழைய கார்ல பெரும்பாலான செலவு இந்த மாதிரிதான்னு மெக்கானிக் ஷெட்ல உக்காந்திருந்த மூணு நாள்ல புரிஞ்சுது. அங்க நான் கேட்ட விலைகள்:

1. ஆக்ஸில் ரப்பர் பூட் கிழிஞ்சா மாத்த 500 ரூபாய் ஆகும். விட்டுட்டா கிரீஸ் வெளியே போய் மண்ணு உள்ளே போகும். வண்டியைத் திருப்பும்போது டக் டக்னு சத்தம் வர ஆரம்பிச்சா, ஜாயின்டையே மாத்தணும். 2,000க்கு மேல.

2. பிரேக் பேட் தேய்ஞ்சு கீச்சுன்னு கத்தும்போது மாத்தினா 800. விட்டா இரும்பும் இரும்பும் உரசி டிஸ்க்கும் போகும். இன்னும் 2,000.

3. ஆக்ஸிலேட்டர் மிதிச்சா சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்ல சரியானா நூறு ரூபாய். தட்டு தேய்ஞ்சிருந்தா செட்டோட, கூலியோட 4,000.

வருவாயினச் செலவை ஒழுங்கா செஞ்சா சொத்து ஓடும், தள்ளிப் போட்டா ஒரு நாள் மொத்தமா வந்து நிக்கும். இதைப் பரீட்சையில அஞ்சு மார்க்குக்கு எழுதியிருக்கேன்!

"இரும்புக்கடையில போட்டுடலாமா?"ன்னு அம்மா கேட்டாங்க. 2025 ஆரம்பத்துலதான் ஐயாயிரம் கட்டி ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிச்சிருந்தோம். அந்த வருஷம் ஆகஸ்ட்ல, 20 வருஷம் தாண்டின காருக்கு அந்தக் கட்டணம் பத்தாயிரமாச்சு. ஆனா அப்பா, "வண்டி மேல தப்பில்ல, ஹோஸு மாத்தியும் ஏன் வெடிச்சுதுன்னுதான் தெரியல"ன்னார். கடையில போலி ஹோஸ் கொடுத்துட்டாங்களோன்னு சந்தேகப்பட்டார். அதைக் கேட்டதும் எனக்கு சாப்பாடு இறங்கலை.

அன்னிக்கு ராத்திரி நோட்டுல பழைய ஆயிரத்தை அடிச்சுட்டு, "எடுப்பு - என் பெயரில் - 9,450"ன்னு எழுதி அப்பா மேஜை மேல வெச்சேன். அந்த ஆயிரத்தை ஒழுங்கா செலவழிச்சிருந்தா இந்த பில்லே இல்லையே.

காலையில கூப்பிட்டார். "என்னடா இது எடுப்பு?" எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவார்னு நெனச்சேன். ரொம்ப நேரம் நோட்டையே பார்த்தார். அப்புறம், "காசு சரி. அப்பத்தாவை ரெண்டு மணி நேரம் வெயில்ல உக்கார வெச்சியே, அதை எந்தக் கணக்குல எழுதுவ?"ன்னார்.

பதில் இல்லை. கல்யாணத்துக்கும் போக முடியலை, அப்பத்தாவுக்கு ரெண்டு நாள் காய்ச்சல்.

இப்போ மாசம் ஐநூறு ரூபாய் அப்பாகிட்ட கட்டிட்டு வர்றேன். ஞாயித்துக்கிழமை காலையில எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவு, ஆயில் குச்சி, ஹோஸ் மூணையும் பார்க்கிறேன். அஞ்சு நிமிஷ வேலை. நோட்டு இன்னும் என்கிட்டதான் இருக்கு. அப்பா திரும்ப வாங்கிக்கலை.