சொம்பில் வெட்டிய பெயர்: மலேசியா அக்காவோடு மதுரையில் ஒரு நாள்

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால், சுற்றிப் பார்க்கும் இடங்களின் பட்டியலைவிட வேலைகளின் பட்டியல்தான் நீளமாக இருக்கும். போன மாதம் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த அக்காவும் மாமாவும் கொண்டு வந்த துண்டுச்சீட்டும் அப்படித்தான். பணம் மாற்ற வேண்டும், நான்கு ஜாக்கெட் தைக்க வேண்டும், சுங்குடிச் சேலை, தாழம்பூ குங்குமம், மாமாவுக்குக் கதர்த் துண்டு. இரண்டு மியூசியம் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே, அடிக்கோடு போட்டு ஒரு வரி: 'பாட்டி சொம்பு'.

என் தாத்தாவின் அண்ணன் பேத்திதான் இந்த அக்கா. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்தியாவுக்கு வருவது இதுதான் முதல் முறை. வேலை நாளில் லீவு போட்டுவிட்டு நான்தான் வழிகாட்டி.

காலையில் அக்கா கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டியா தம்பி?" நாம் 'சாப்பிட்டாச்சா' என்போம். மலேசியத் தமிழர்கள் இன்னமும் 'பசியாறுவது' என்றுதான் சொல்கிறார்கள். ரிங்கிட்டை 'வெள்ளி' என்கிறார்கள். கடையில் விலை சொன்னதும் மாமா விரல் விட்டு எண்ணி, "எத்தன வெள்ளி வருது?" என்று அக்காவைப் பார்ப்பார்.

பணம் மாற்றியதும் நேரே குன்னத்தூர் சத்திரம் போனோம். மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபம், திருமலை நாயக்கர் காலத்துக் கட்டடம். 'புது' என்று பெயர் இருந்தாலும் வயது 350-க்கு மேல். கல்தூண்களுக்கு நடுவே தையல் மெஷின் ஓடிய அந்த மண்டபத்தைப் பார்க்காத மதுரைக்காரர் இருக்க மாட்டார். சில வருடங்களுக்கு முன்பு அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். இடம் மாறினாலும் வேகம் மாறவில்லை. அளவு ஜாக்கெட்டை வாங்கிப் பார்த்த தையல்காரர், "சாயந்திரம் ஆறு மணிக்கு வாங்கம்மா" என்றார். அக்காவுக்கு நம்பிக்கையே வரவில்லை. ஈப்போவில் இதற்கே பத்து நாள் ஆகுமாம்.

அங்கிருந்து மேலமாசி வீதி. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி தன் நீள வேட்டியையும் சட்டையையும் விட்டுவிட்டு, முழங்கால் அளவுத் துணிக்கு மாறியது இந்தத் தெருவில் அவர் தங்கியிருந்த வீட்டில்தான். அதே கட்டடத்தில் இப்போது கதர் விற்கிறார்கள். மாமா இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். "துணியக் குறைச்சவர் இருந்த வீட்டுல நாம துணி வாங்குறோம்" என்று சிரித்தார்.

அடுத்து தமுக்கம். ராணி மங்கம்மாளோடு சேர்த்துப் பேசப்படும் அரண்மனை அது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு அதைக் காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். காந்தி சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஓட்டமாக ஓடிப் பார்த்தவன் நான். அக்கா அதன் முன்னால் அசையாமல் நின்றார். மாமா மெதுவாக, "கெளம்பலாமா?" என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கீழடி. மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், சிவகங்கை மாவட்டம். 2015-இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. 2018-லிருந்து மாநிலத் தொல்லியல் துறை தொடர்கிறது. ஒரு குழியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் காலம் பொது ஆண்டுக்கு முன் 580 என்று ஆய்வில் தெரிந்தது. 2023 மார்ச்சில் செட்டிநாட்டு வீடு போன்ற கட்டடத்தில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்தில் வெளிநாட்டினருக்குத் தனிக் கட்டணம். மாமா குரலைத் தாழ்த்தி, "நாமதான் தமிழ் பேசுறோமே, யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?" என்றார். அக்கா பதில் சொல்லாமல் பையிலிருந்து மலேசியப் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். "ரெண்டு வெளிநாட்டுச் சீட்டு, ஒரு உள்ளூர்ச் சீட்டு" என்று தமிழில் கேட்டார். உள்ளே நடக்கும்போது மாமாவிடம், "நம்ம ஊரு ஈப்போதானே? அதை எதுக்கு மறைக்கணும்?" என்றார். சொந்த மண், வேர் என்றெல்லாம் அக்கா உருகுவார் என்று நினைத்திருந்த எனக்கு அந்தப் பேச்சு புதிதாக இருந்தது.

உள்ளே பாசிமணி, சுடுமண் காய்கள், பகடை, நூல் நூற்கும் தக்கிளி எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தவர், பானை ஓடுகளிடம் நின்றுவிட்டார். தமிழி எழுத்து பொறித்த ஓடுகள். நான்காம் கட்ட அகழாய்வு பற்றிய அறிக்கையில் மட்டும் இப்படி 56 ஓடுகள். 'ஆதன்', 'குவிரன்' என்று ஆட்களின் பெயர்கள். சுட்ட பானையில் கூர்மையான எதையோ வைத்துக் கீறியவை. எழுத்துகள் ஒரே கைப்பழக்கத்தில் இல்லை. அதனால், பானை வைத்திருந்தவர்களே தங்கள் பெயரைக் கீறியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ராஜா யாரும் இல்லை. தன் பானை அடுத்தவர் பானையோடு கலந்துவிடக் கூடாது என்று நினைத்த சாதாரண ஆட்கள்.

"தம்பி, பாட்டியும் இதத்தானே செஞ்சிருக்காங்க" என்றார் அக்கா.

சாயந்திரம் ஜாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு (சொன்ன நேரத்துக்குத் தயாராக இருந்தன), மாசி வீதிப் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்குப் போனோம். அக்கா பையைத் திறந்து, துண்டில் சுற்றியிருந்த பித்தளைச் சொம்பை எடுத்தார். 1930-களில் பெரிய பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனபோது கையோடு கொண்டுபோன கல்யாணச் சீர். 1938-இல் கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதை அன்றைய இந்திய அரசு தடை செய்தது. அதற்குக் கொஞ்சம் முன்பு போனவர்கள் இவர்கள். திரும்பி வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போன பாட்டி வரவே இல்லை. சொம்பு மட்டும் வந்திருக்கிறது.

கழுத்துக்குக் கீழே பெயர் வெட்டியிருந்தது. தொண்ணூறு வருடம் புளி போட்டுத் தேய்த்ததில் முக்கால்வாசி போய்விட்டது. பெயர் வெட்டுபவர் சொம்பை விளக்கடியில் சாய்த்துப் பிடித்து, விரலால் தடவினார். "மொத எழுத்து ஊரு. அடுத்தது அவங்க அப்பா எழுத்து. அப்புறம்தான் பேரு. இது உளியால தட்டி வெட்டினது. இப்ப நாங்க மெஷின்ல வெட்டுறோம்" என்றார்.

பழைய எழுத்தின் மேலேயே திரும்ப வெட்டித் தரச் சொன்னார் அக்கா. அவர் தலையை ஆட்டினார். "வேணாம்மா. அது மேல மெஷின வச்சா இருக்கறதும் போயிரும். கீழ எடம் இருக்கு. வேணும்னா புதுப் பேரு வெட்டிக்கங்க. யாரு பேரு?"

அக்கா மகள் பெயரைச் சொன்னார். தமிழிலா, இங்கிலீஷிலா என்று கேட்டார் அவர். அங்கேதான் இரண்டு பேருக்கும் பேச்சு வந்தது. மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அக்காவும் மாமாவும் அப்படிப்பட்ட பள்ளியில் படித்தவர்கள். மகளைச் சேர்த்தது தேசியப் பள்ளியில். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது.

"அவளுக்குப் படிக்கவே தெரியாதே. இங்கிலீஷ்ல வெட்டு" என்றார் மாமா.

"பாட்டி பேருக்குக் கீழ இங்கிலீஷா?"

"அப்புறம் அவ அத என்னனு நெனைப்பா? ஏதோ கோடுனு நெனைப்பா."

கடைக்காரர் பொறுமையாகக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா, "நாலே எழுத்துதான். அவ பேரையாச்சும் படிக்கக் கத்துக்கட்டும்" என்றார். மாமா மறுத்துப் பேசவில்லை. ஆனால் ஒத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. மெஷின் 'கிர்ர்' என்று ஓட, இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. கூலியை நான் கொடுக்கப் போனேன். மாமா என் கையைத் தள்ளிவிட்டுத் தானே கொடுத்தார். அந்தப் பணத்தை மட்டும் அவர் வெள்ளியில் கணக்குப் பார்க்கவில்லை.

அவர்களை விமானம் ஏற்றிவிட்ட பிறகு எங்கள் வீட்டுப் பரணை இறக்கினேன். தவலை, அடுக்கு, எவர்சில்வர் தூக்கு, டம்ளர் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பதினோரு பெயர்கள். இவற்றில் ஏழு யாருடையவை என்று அம்மாவுக்குத் தெரிந்தது. மூன்றை அப்பத்தா சொன்னார். ஒன்று யாருக்கும் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் இருக்கும். பழைய பாத்திரத்தை எடைக்குப் போடும் முன், அதில் வெட்டியிருக்கும் பெயரைப் படித்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அது யார், யார் கல்யாணத்துக்கு வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.