எண்ணூர் ஓவிய வகுப்பு, மழைக்குப் பின்

டிசம்பர் 11, 2023

மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இன்றுதான் பள்ளி திறந்தது. ஓவிய அலமாரியின் கீழ்த்தட்டு நாசம். சார்ட் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அட்டையாகிவிட்டன. மேல்தட்டில் இருந்த போட்டிச் சுற்றறிக்கை மட்டும் பத்திரம். தலைப்பு: சுற்றுச்சூழல் பாதுகாப்பு. சிரிப்பு வந்தது. கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படகுகள் எண்ணெய் பூசிக் கிடக்கின்றன. வெள்ளத்தோடு வந்த எண்ணெய் வீட்டுச் சுவர்களில் கோடு போட்டிருக்கிறது.

டிசம்பர் 13

அரையாண்டுத் தேர்வு. ஓவியம் கிடையாது.

டிசம்பர் 20

தேர்வு முடிந்த மதியம் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களை உட்கார வைத்தேன். அரைமணியில் எல்லாத் தாளிலும் பூமிப்பந்து. அதற்குக் கண், கண்ணீர், நெற்றியில் கட்டு. தாங்க இரண்டு கைகள். பரிசு வாங்குகிற பூமி இதுதான் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நடுவர்கள் கொடுத்த பழக்கம்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் ஆற்றை வரைந்தாள். கறுப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். தள்ளிவிட்டாள். "கறுப்பு கரையிலதான் சார். வலையில, போட்டுல. நடு ஆத்துல வேற." ஊதா, மஞ்சள், பச்சை என்று வளையம் வளையமாக இழுத்தாள். சரிதான். கனத்த எண்ணெய்தான் கறுப்பு. படலம் மெலிந்தால் அதன் மேலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி கலந்து நிறம் காட்டும். இதை நான் புத்தகத்தில் படித்தவன். அவள் அப்பா இப்போது மீனுக்குப் போவதில்லை, எண்ணெய் அள்ளப் போகிறார். "மக்குல மொண்டுதான் சார் ஊத்துறாங்க."

மெழுகு கிரேயானால் கோடு இழுத்து மேலே நீர்வண்ணம் பூசக் காட்டினேன். மெழுகு இருக்கிற இடத்தில் வண்ணம் ஒட்டாமல் முத்து முத்தாக விலகும். பிள்ளைகளுக்கு என்றுமே பிடித்த வித்தை. அவள் அதில் அலையாத்தியின் மூச்சுவேர்களைப் போட்டாள், சேற்றில் பென்சில்களை நட்டு வைத்ததுபோல். அவற்றை எண்ணெய் மூடினால் மரத்துக்கு மூச்சு முட்டும் என்று விளக்கப் போனேன். தலை நிமிரவில்லை.

டிசம்பர் 27

நேற்று நள்ளிரவு பெரியகுப்பத்தில் அமோனியா. கடலடிக் குழாயில் கசிவாம். கண்ணெரிச்சலோடு ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடியிருக்கிறார்கள். அதற்கு நிறமே இல்லை.

ஜனவரி 3, 2024

எரிச்சலான நாள். தலைமையாசிரியை படங்களைப் பார்த்தார். பூமிப்பந்துகள் எல்லாம் பாஸ். ஆற்றுப்படத்தைக் கையில் எடுத்து, "அழகா இருக்கு சார். ஆனா இது மாசுன்னு யாருக்குத் தெரியும்? கொஞ்சம் கறுப்பு வைக்கச் சொல்லுங்க" என்றார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு படத்துக்கு நடுவர் அரை நிமிஷம் கொடுத்தால் அதிகம். வாரத்தில் மூன்று அரைநாள் வருகிற பகுதிநேர ஆசிரியன் எவ்வளவு வாதாட முடியும்?

திரும்பும்போது பாலத்தில் நின்று பார்த்தேன். வெயில் சாய்ந்த நேரம். நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. வயிற்றைக் கலக்கியது.

ஜனவரி 5

அவள் வரவில்லை.

ஜனவரி 8

காய்ச்சலாம். இன்று வந்தாள். கறுப்பு வைக்கலாமா என்று கேட்டேன். "எங்க சார் வைக்க?" என்று தாளை என் பக்கம் திருப்பினாள். இடம் தேடினேன்.

பின்பக்கம் தலைப்புக்கான கட்டத்தில் 'எங்க ஊரு தண்ணி' என்று எழுதியிருக்கிறாள். 'நீர்வளம் காப்போம்' என்று மாற்றச் சொல்கிறார் தலைமையாசிரியை. படங்கள் போய்ச்சேரக் கடைசி நாள் புதன்.