புகைக்குச் சோதனைச்சாவடி இல்லை

கேரள-தமிழக எல்லையில் அரசுகள் இரண்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் இரண்டு. காற்று மட்டும் ஒன்றுதான்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் சாலையில் 20 கிலோமீட்டர் தெற்கே வந்தால் நெய்யாற்றின்கரை. அமரவிளையில் நெய்யாற்றுப் பாலத்தைத் தாண்டி, உதியன்குளங்கரை வழியாக இன்னும் சுமார் 10 கிலோமீட்டர் போனால் பாறசாலை. அதற்கப்பால் இஞ்சிவிளை, அதோடு கேரளம் முடிந்துவிடுகிறது. அடுத்த கடைத்தெரு களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம், தமிழ்நாடு. பெயர்ப்பலகையில் எழுத்து மாறுகிறது, பஸ்ஸின் நிறம் மாறுகிறது. மற்றபடி அதே ரப்பர், அதே வாழை, அதே மரச்சீனி. இந்தப் பக்கம் தமிழ் வாடை அடிக்கும் மலையாளம், அந்தப் பக்கம் மலையாள வாடை அடிக்கும் தமிழ்.

இந்தக் கோடு பழையதல்ல. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. பனச்சமூடு போன்ற இடங்களில் கடைத்தெருவின் ஒரு பகுதி ஒரு மாநிலம், மறுபகுதி வேறு மாநிலம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை.

காற்றும் அப்படித்தான். தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடலிலிருந்து புறப்பட்டு, இந்த ஊர்களைத் தாண்டி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவது ஒரே காற்றோட்டம்தான். அந்த மாதங்களில் பாறசாலையில் எழும் புகை விளவங்கோட்டுக்குப் போகிறது. காற்று கிழக்கிலிருந்து திரும்பும் மாதங்களில் கணக்கு நேராகிவிடுகிறது. நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு வந்த தண்ணீரைக் கேரளம் 2004-ல் நிறுத்தியது. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. தண்ணீரை மதகு போட்டு நிறுத்தலாம். காற்றுக்கு மதகு கிடையாது.

ஆனால் சட்டத்துக்கு எல்லை உண்டு. 1981-ன் காற்று மாசுத் தடுப்புச் சட்டப்படி, மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியாக ஓர் இடத்தை அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு. அதுவும் தன் எல்லைக்குள் மட்டும். கேரள வாரியம் 1974-ல் நீர் மாசைக் கவனிக்கப் பிறந்து, பிறகு காற்றையும் ஏற்றுக்கொண்டது. தமிழக வாரியம் 1982-ல் வந்தது. இஞ்சிவிளையில் ஒன்றின் கை நின்றுவிடுகிறது. களியக்காவிளையில் மற்றொன்றின் கை தொடங்குகிறது. டெல்லியைச் சுற்றியுள்ள மாநிலங்களுக்குப் பொதுவாகக் காற்றுத் தர மேலாண்மை ஆணையம் ஒன்றை 2021-ன் சட்டம் அமைத்தது. தெற்கே அப்படி ஒன்று இல்லை. 2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமோ தூத்துக்குடி போன்ற நகரங்களுக்கானது. கிராமங்கள் அதன் கணக்கில் வரவில்லை.

ஒரு பக்கம் கெடுபிடி கூடினால் சரக்கு மறுபக்கம் சாயும் என்பதை இந்த எல்லை நெடுங்காலமாக அறியும். கொல்லத்து முந்திரி முதலாளிகள் பலர், கேரளத்தில் கூலியும் கட்டுப்பாடும் உயர்ந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தொழிலைக் கொண்டுவந்தார்கள். பெண்களுக்கு வேலை கிடைத்தது. கூடவே, கொட்டை வறுக்கும் டிரம்களின் காரமான புகையும் வந்தது. நீராவியில் வேகவைக்கும் முறை பரவிய பிறகே அந்தப் புகை தணிந்தது.

பிளாஸ்டிக் பையின் கதை இன்னும் வேடிக்கை. தமிழகம் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தது. கேரளத்தின் தடை 2020 ஜனவரி 1-ல்தான் வந்தது. சரியாக ஓர் ஆண்டு, களியக்காவிளையில் குற்றமான பை பாறசாலையில் குற்றமில்லாத பை. கோட்டைத் தாண்டி வந்த பையும் கடைசியில் ஏதாவதொரு குப்பைமேட்டில்தான் எரிந்திருக்கும்.

எல்லைக் கிராமங்களின் காற்றுப் பிரச்சினையில் பெரிய பங்கு அந்தக் குப்பைமேட்டில்தான் இருக்கிறது. ஆலைக்குப் புகைபோக்கி உண்டு, உரிமம் உண்டு, அதிகாரி வந்து பார்க்கலாம். சாயங்காலம் தோட்டத்து மூலையில் கொளுத்தும் குப்பைக்கு எதுவும் இல்லை. குறைந்த வெப்பத்தில் எரியும் பி.வி.சி. டையாக்சின் என்ற நஞ்சை உமிழ்கிறது. நுரையீரலுக்குள் இறங்கும் நுண்துகளும் கூடவே எழும்புகிறது. ஈரக் குப்பையைக் கொளுத்தாமல் குவித்துவைத்தாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. காற்றுப் படாமல் அழுகும்போது வரும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கக் கூடியது. ஊர்க் குப்பையும் உலக வெப்பமும் சந்திக்கும் இடம் அதுதான்.

இதில் முதல் பாடத்தைக் கற்றதும் இந்த வட்டாரமே. அன்றைய நெய்யாற்றின்கரை தாலுகாவின் விளப்பில்சாலையில் 2000-ல் திருவனந்தபுரம் நகரத்துக் குப்பைக்கான ஆலை திறக்கப்பட்டது. நாற்றமும் கழிவுநீரும் தாங்காமல் 2011 டிசம்பரில் விளப்பில் பஞ்சாயத்தே ஆலையைப் பூட்டியது. தலைநகரம் திணறியது. வேறு வழியில்லாமல் வீட்டிலேயே உரமாக்கும் தொட்டிகளும், தும்பூர்முழி என்ற காற்றோட்ட உர முறையும் வந்தன. 2016 டிசம்பரில் ஹரித கேரளம் மிஷன் தொடங்கிய பிறகு, ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாக வந்து காய்ந்த குப்பையை எடுத்துப்போகிறார்கள். பஞ்சாயத்துகளில் மாதம் ரூ. 50 கட்டணம். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு நாள்கணக்கில் எரிந்து, கொச்சி மாநகராட்சிக்குப் பசுமைத் தீர்ப்பாயம் ரூ. 100 கோடி அபராதம் விதித்ததும் பிடி இறுகியது. அதே தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே, திறந்த வெளியில் குப்பை எரித்தால் ரூ. 5,000, பெருமளவில் எரித்தால் ரூ. 25,000 என்று நாடு முழுவதற்கும் விதித்திருந்தது.

பிடி இறுகியதும் பழைய கதை திரும்பியது. கழிவு ஏற்றிவந்த லாரிகள் களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் பலமுறை பிடிபட்டன. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தது. தீர்ப்பாயம் உத்தரவிட, கேரளமே லாரிகளை அனுப்பித் திரும்ப அள்ளிப்போனது. தன் முற்றம் சுத்தமாக வேண்டும் என்று ஒரு மாநிலம் போடும் உழைப்பு, இடைத்தரகரின் ஒரு லாரியில் அடுத்தவர் முற்றத்து அழுக்காகிவிடுகிறது.

தமிழகப் பக்கமும் கைகட்டி நிற்கவில்லை. கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகம் 2010 வாக்கிலேயே பிளாஸ்டிக் ஒழிப்பில் இறங்கி, பழைய பிளாஸ்டிக்கைத் தார்ச்சாலையில் கலந்தது. ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் குப்பை பிரிக்கிறார்கள். 2022-ல் தொடங்கிய தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தின்படி மாவட்ட இயக்கத்துக்குக் கலெக்டரே பொறுப்பு. கேரளத்தில் வயநாட்டின் மீனங்காடி 2016-லேயே கார்பன் சமநிலைப் பஞ்சாயத்தாகும் முயற்சியில் இறங்கியது. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்துக் காட்டாக்கடைத் தொகுதியும் அதே வழியில் கால்வைத்தது. இரண்டு பக்கமும் வேலை நடக்கிறது. ஆனால் முதுகோடு முதுகு ஒட்டி நின்று நடக்கிறது.

முகம் பார்த்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சாலையிலேயே சாட்சி உண்டு. வரிச் சோதனைச்சாவடி இருந்த காலத்தில் அமரவிளையில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்; எஞ்சின் ஓடிக்கொண்டே டீசல் புகை கக்கும். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது, வரிச் சாவடிக்கு வேலை போயிற்று. யாரும் அதைக் காற்றுச் சீர்திருத்தம் என்று சொல்லவில்லை. ஆனால் மாநிலங்கள் ஒரே விதிக்கு ஒப்புக்கொண்டதும் நின்று புகைக்கும் காரணம் ஒன்று ஒழிந்தது.

குப்பைக்கும் அதுதான் மருந்து. பாறசாலைப் பஞ்சாயத்தும் களியக்காவிளைப் பேரூராட்சியும் மாதம் ஒருமுறை ஒரே மேஜையில் உட்கார்ந்து, பிடிபட்ட லாரிகளின் பட்டியலையும் புகை எழுந்த இடங்களின் பட்டியலையும் மாற்றிக்கொள்ளப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. இரண்டு வாரியங்களும் சேர்ந்து எல்லையில் ஒரு காற்று அளவைக் கருவி வைப்பதும் பெரிய செலவல்ல. இப்போது தானியங்கி நிலையங்கள் இருப்பது திருவனந்தபுரத்தின் பிளாமூட்டிலும் காரியவட்டத்திலும். நுண்துகளுக்கு 24 மணி நேர சராசரி கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்று 2009-ல் நாடு வகுத்த வரம்பைப் பனச்சமூட்டுக்காரர் தாண்டுகிறாரா இல்லையா என்பதை அந்த நிலையங்கள் சொல்லாது.

1956-ல் கோடு போட்டவர்கள் மொழியைப் பார்த்துப் போட்டார்கள். இருமலுக்கு மொழி கிடையாது.